இடுப்பில் கட்டிய பியூஸ்

கதிராமன் மரம் ஏறுமுன் இடுப்பில் மூன்று பியூஸைக் கட்டிக்கொள்வான். மற்ற ஆட்கள் இடுப்பில் தாயத்துக் கட்டுவார்கள், இவன் பியூஸ் கட்டுகிறான் என்று கரண்ட் கந்தோர் அலுவலர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கம்பியோடு உரசிக்கொண்டு நிற்கிற மரத்தில் ஏறிக் கொப்பு வெட்டுகிறவன் அவன். கதிரையில் இருந்து சிரிக்கிறவர்களுக்கு அது விளங்காது.

சங்கதி இதுதான். ட்ரான்ஸ்போமர் தூணில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் கைப்பிடி வைத்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் மூன்று. மூன்றையும் இழுத்தெடுத்தால் அந்தப் பக்கத்துக் கம்பி செத்துப்போகும். திரும்பச் செருகினால் உயிர் வந்துவிடும். முன்பெல்லாம் கழற்றிய பியூஸைத் தூணடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒருநாள் தம்பலகாமத்துப் பக்கம் ஒரு கடைக்காரன், ஐஸ்பெட்டி உருகுகிறதே என்ற அவசரத்தில், மரத்தில் ஆள் நிற்பது தெரியாமல் அவற்றை எடுத்துச் செருகிவிட்டான். மரத்தில் நின்றவன் கதிராமனோடு ஒன்றாக இருந்து சோறு தின்கிறவன். அவன் இறங்கவில்லை, விழுந்தான். அன்றிலிருந்து அந்த வேலைக்கூட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது: மரத்தில் ஏறுகிறவனிடமே பியூஸ் இருக்க வேண்டும். மூத்த லைன்மேன் கனகசிங்கம் கழற்றித் தருவார்; கதிராமன் நைலோன் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் இடுப்போடு கட்டிக்கொள்வான். தன் உயிரைத் தானே முடிந்து வைத்திருக்கிறோம் என்ற நிம்மதி அவனுக்கு.

மரத்தில் நிம்மதி இருந்தது, தரையில்தான் பயம். கதிராமன் வெருகல் பக்கத்து ஆள். சண்டை துரத்தித் துரத்தி, மனைவி சீதேவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு உப்புவெளியில் ஓர் உறவுக்காரர் வளவில் வந்து ஒதுங்கியவன். தொண்ணூறுகளில் அடையாள அட்டையில் வெருகல் என்று இருந்தால் போதும், ரோட்டுச் சென்றியில் காவல் நிற்கிற ஆமிக்காரன் ஆளை இரண்டாம் தரமும் பார்ப்பான். கையில் வேறு கத்தி, கோடாலி, வடக்கயிறு. அதோடு விட்டதா? அந்த நாட்களில் முழங்கையையும் முழங்காலையும் பார்த்துத்தான் ஆள் பிடித்தார்கள். தழும்பு இருந்தால் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவனாம். மரம் ஏறிப் பிழைக்கிறவனுக்கு முழங்கையில் தழும்பு இல்லாமல் வேறென்ன இருக்கும்?

இத்தனைக்கும் மருந்தாக அவனிடம் ஒன்று இருந்தது: கரண்ட் கந்தோர் கொடுத்த அட்டை. படம் ஒட்டி, முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறை போட்டது. அவன் வேலை நிரந்தரமில்லை, நாட்சம்பளம்தான். ஆனால் அட்டையில் அது எழுதியிருக்கவில்லை. கந்தோர் லொறியில் இருந்து அந்த அட்டையை நீட்டினால் சென்றியில் கையசைத்து விட்டுவிடுவார்கள். ஒருமுறை உப்புவெளியைச் சுற்றிவளைத்து ஆண்களையெல்லாம் மணலில் இருத்தி வைத்தபோது, அட்டையைப் பார்த்த ஓர் அதிகாரி, கரண்டோ என்று கேட்டு, எழும்பிப் போகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்த பார்வையில் அவனுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் எழும்பித்தான் போனான்.

அந்த அட்டைக்குத்தான் ஆபத்து வந்தது. கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் வந்து, கந்தோர் முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். கரண்ட் கொடுப்பதுதான் கந்தோரின் வேலை. கொப்பு வெட்டுவது, லொறி ஓட்டுவது, முற்றம் கூட்டுவது, கேற்றில் நிற்பது, தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் கந்தோரின் வேலையே இல்லை. இவ்வளவு காலமும் தெரியாத்தனமாகச் செய்து வந்திருக்கிறார்கள். இனி அவற்றை வெளியாட்களுக்குக் கொந்தராத்துக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் சுகம். கொப்பு வெட்டாவிட்டால் கரண்ட் எந்த வழியால் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அப்படியானவர்களிடம் பதிலுக்குப் பஞ்சம் வருவதில்லை.

கொப்பு வெட்டும் கொந்தராத்து கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் விறகு வியாபாரம் செய்த அபூதாஹிருக்குக் கிடைத்தது. நல்ல மனுசன். பழைய ஆட்களையே பழைய சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். லொறிக்குப் பதிலாகத் தன் உழவு மெசினையும் பின்பெட்டியையும், அதை ஓட்டத் தங்கச்சி மகன் பாயிஸையும் விட்டார். அட்டை மட்டும் அவரால் கொடுக்க ஏலாது. அதற்குப் பதிலாக எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கடிதம்: இன்னார் இன்னார் கரண்ட் கம்பிக்குக் கொப்பு வெட்டப் போகிறார்கள் என்று. அது பாயிஸின் இருக்கைக்குக் கீழே, கிரீஸ் பூசின, நட்டுக் கழற்றும் சாவிகளோடு கிடந்தது.

கந்தோர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று சீதேவி சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அட்டையை ஏன் குடுத்தனீங்கள்?" என்றாள்.

"கேட்டாக் குடுக்கத்தானே வேணும். அது அவையின்ர."

"துலைஞ்சு போச்சுது எண்டு சொல்லியிருக்கலாம். எனக்கு நீங்கள் ஒண்டும் கொண்டுவர வேண்டாம். நீங்கள் வந்தாக் காணும்."

அதன்பிறகு அவளுக்குப் பின்னேரங்கள் பொல்லாதவையாகிவிட்டன. உழவு மெசின் சத்தம் கேட்கும்வரை குசினிக்கும் படலைக்குமாக நடப்பாள். அடுப்பில் இருப்பது அடிப்பிடித்தாலும் தெரியாது. கதிராமன் தன் பங்குக்கு நாள்தோறும் முகம் வழித்தான், நீளக்கைச் சட்டை போட்டான். சென்றியை நெருங்கும்போது முகத்தை எப்படி வைத்திருப்பது என்று யோசிப்பான். யோசிப்பது முகத்தில் தெரிகிறதோ என்று அதற்கும் பயப்படுவான்.

புதிய ஒழுங்கின்படி பியூஸைக் கழற்றுவதும் போடுவதும் கந்தோர் ஆளின் வேலை. கொந்தராத்து ஆட்கள் அதைத் தொடக்கூடாது. இது கனகசிங்கத்துக்கும் தெரியும், கதிராமனுக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் காலை, நிலாவெளி ரோட்டில் ஓர் ஆமி முகாமுக்கும் அதை அண்டின வீடுகளுக்கும் கரண்ட் போகும் ட்ரான்ஸ்போமரில் மூன்று பியூஸையும் கழற்றியதும், கனகசிங்கத்தின் கை பழைய வழக்கத்தில் கதிராமனிடம்தான் நீண்டது. கதிராமனும் வாங்கிக் கயிற்றில் கோத்தான். ஒழுங்கைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. கதைத்தால் அதன்படி நடக்க வேண்டி வரும். பிறகு கனகசிங்கம் முகாமுக்குப் போய், பின்னேரம் நாலு மணிவரை கரண்ட் இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு வேறெங்கோ கம்பி அறுந்துவிட்டதென்று கனகசிங்கத்தைத் தேடி வான் வந்தது. வேலை முடிந்ததும் பியூஸை நீயே போட்டுவிடு, ஒருவருக்கும் சொல்லாதே என்று கதிராமனிடம் மெல்லமாகச் சொல்லிவிட்டு அவர் ஏறிப் போனார்.

வேலை முடிகிற நேரம் வடக்குப் பக்கமாக வெடிச்சத்தம் கேட்டது. தூரத்தில்தான். ஆனால் தூரத்தில் கேட்டது எப்போது கிட்ட வரும் என்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. ரோட்டை அடைக்கப் போகிறார்களாம் என்று சைக்கிளில் போன ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். பாயிஸ் மெசினைக் கிளப்பிவிட்டான். கதிராமன் மரத்திலிருந்து வழுக்கி இறங்கி, கத்தியையும் வடத்தையும் பெட்டிக்குள் எறிந்து, தானும் பாய்ந்து ஏறினான். ட்ரான்ஸ்போமர் நிற்கிற மெயின் ரோட்டால் போனால் பிந்தும் என்று பாயிஸ் தென்னந்தோட்டத்துக்குள்ளால் போகும் மணல் ஒழுங்கையில் திருப்பினான்.

பழைய கந்தோர் லொறி என்றால் இது நடந்திராது. அந்தச் சாரதி, என்ன வெடி வெடித்தாலும், திரும்பும் வழியில் ட்ரான்ஸ்போமர் தூணடியில் ஒருதரம் நிற்பாட்டாமல் போகமாட்டான். நிற்பாட்டினால் கதிராமன் இறங்குவான். இறங்கினால் கை தானாக இடுப்புக்குப் போகும். நினைவு கதிராமனிடம் இருக்கவில்லை, லொறியின் பிரேக்கில் இருந்தது. லொறியை நிற்பாட்டி வெளியில் கொந்தராத்துக் கொடுத்தபோது அதை யாரும் யோசிக்கவில்லை, கதிராமன் உட்பட. வருசக்கணக்காகக் கட்டிய பாரம் உடம்புக்குப் பாரமாகவும் தெரியவில்லை. மூன்று பியூஸும் சட்டைக்குள் கிடக்க, அவன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சீதேவி இப்போது படலைக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தான்.

ஒழுங்கை மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில்தான் முகாமின் சென்றி. வெயில் சாய்ந்துவிட்டது. அந்நேரத்துக்கு எரியத் தொடங்கும் வேலி விளக்குகள் எரியவில்லை. ஆமிக்காரர் வழக்கத்திலும் கடுமையாக இருந்தார்கள். விளக்கு எரியாததைக் கதிராமனும் பார்த்தான். பார்த்துவிட்டு, இன்றைக்கு இவர்கள் கோபமாக இருக்கிறார்கள், கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தான். பாயிஸ் கடிதத்தை நீட்டினான். வாசித்தவன் தலையாட்டினான், ஆனாலும் எல்லோரையும் இறங்கி வரிசையில் வரச் சொன்னான். தள்ளி நின்று ஒவ்வொருவராகச் சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

கதிராமனின் முறை வந்தது. சட்டையைத் தூக்கினான்.

முன்னால் நின்ற ஆமிக்காரன் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். மண் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துவக்குகள் நிமிர்ந்தன. வரிசையில் நின்றவர்கள் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். கதிராமன் மட்டும் சட்டையைத் தூக்கியபடி நின்றான். இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று விளங்காமல் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். கயிறு, வெள்ளைப் பீங்கான், செப்பு. இடுப்பில் குண்டு கட்டிக்கொண்டு வந்து வெடிக்கிற காலம் அது. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் ஒன்றாக நினைவு வந்தது: ட்ரான்ஸ்போமர், கனகசிங்கம் சொல்லிவிட்டுப் போனது, எரியாத வேலி விளக்கு.

கந்தோரில் சிங்கள ஆட்களோடு பழகிய சிங்களம் அவனுக்கு நன்றாகவே வரும். அன்று வாயில் வந்தது கரண்ட், பியூஸ் என்ற இரண்டு சொல்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அதிகாரி ஒருவர் வந்து, தூரத்தில் நின்றே, ஒரு கையால் மட்டும் அவிழ்த்துக் கீழே வைக்கச் சொன்னார். முடிச்சு வியர்வையில் இறுகிக் கிடந்தது. ஒரு கையால் அவிழ்க்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கண் முடிச்சில் நிற்கவில்லை, துவக்குப் பிடித்தவர்களின் விரல்களில்தான் நின்றது. ஒருவன் தும்மினாலும் தன் கதை முடிந்தது என்று நினைத்தான்.

கடைசியில் கயிறு அவிழ்ந்து பியூஸ் மணலில் கிடந்தது. அது பியூஸ்தான் என்று அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. அதனால் பயம் தீரவில்லை, வேறு பயமாக மாறியது. பொழுது படுகிற நேரம், வெடிச்சத்தம் கேட்ட நாளில், முகாமின் வெளிச்சத்தைக் கழற்றி இடுப்பில் மறைத்துக் கட்டிக்கொண்டு பின்வழியால் போகிற வெருகல் ஆள். முழங்கையில் தழும்பு வேறு. அதிகாரியின் இடத்தில் தான் இருந்தாலும் இப்படி ஒருவனை விட்டிருக்கமாட்டேன் என்று கதிராமனுக்கே தோன்றியது.

கடிதத்தில் கொப்பு வெட்டுவது என்று இருந்தது. பியூஸ் என்று இல்லை. அபூதாஹிர் கடலுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில். அவரைப் பிடிக்க வழியில்லை. மற்ற ஆட்களைப் போகவிட்டார்கள். பாயிஸ் போகும்போது, வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்று கண்ணால் காட்டினான். சொல்லாமல் விட்டால் நல்லது என்று கதிராமன் நினைத்தான். பிறகு, சொல்லாவிட்டால் இன்னும் மோசம் என்றும் நினைத்தான்.

அவனை முகாமுக்குள் ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டு அதிகாரி கரண்ட் கந்தோருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் கனகசிங்கம் என்பது அதிகாரி பெயரைச் சொன்னதில் தெரிந்தது. கதிராமனுக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணை போனுக்கு வந்துவிட்டார் என்றால் இனிப் பயமில்லை. அதிகாரி சிங்களத்தில் கேட்டார். வந்த பதிலைத் தானும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஆள் உங்கள் ஆள் இல்லை. கொந்தராத்துக்காரரின் ஆள்." கொஞ்சம் நிறுத்தினார். "பியூஸ் உங்களுடையது."

யார் பியூஸைக் கொடுத்தது என்றும் கேட்டார். அதற்கு என்ன பதில் வந்ததோ, அதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. உடனே வந்து கரண்டைப் போடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கதிராமன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கனகசிங்கம் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் வலித்தது. ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட மனுசன், பியூஸுக்கு உரிமை கேட்கிறார், ஆளைக் கைவிட்டுவிட்டார். அவன் மனம் நொந்து அழுகை வந்தது. அழுதால் அதையும் குற்றமாக எடுப்பார்களோ என்று விழுங்கிக்கொண்டான்.

இருட்டுக்கு முன் வான் வந்தது. கனகசிங்கம் இறங்கி, வாங்கின் பக்கம் பார்க்காமலே நேரே அதிகாரியிடம் போய்ப் பியூஸை வாங்கிக்கொண்டு திரும்பினார். கொஞ்ச நேரத்தில் வேலி விளக்குகள் எரிந்தன. கதிராமனின் தலைக்கு மேலே ஒரு குமிழும் எரிந்தது. முகாமில் நின்றவர்களின் முகம் இளகியது. கனகசிங்கத்தின் வேலை முடிந்தது. இனி அவர் அப்படியே ஊருக்குப் போய்விடலாம், ஒருவரும் கேட்கப்போவதில்லை. ரோட்டில் வான் கிளம்பும் சத்தம் கேட்டது. அது கிட்ட வருகிறதா, தூரப் போகிறதா என்று கதிராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

கிட்டத்தான் வந்தது. கனகசிங்கம் இறங்கி வந்து அதிகாரிக்கு முன்னால் நின்றார். அவருக்கும் வேர்த்திருந்தது. பியூஸைக் கொடுத்தவன் தான்தான், போடச் சொன்னதும் தான்தான், ஒழுங்கை மீறியது தன் பிழை என்று சிங்களத்தில் தட்டித் தடுமாறிச் சொன்னார். அப்படியென்றால் போனில் ஏன் அதைச் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். அதிகாரி எரிகிற குமிழை ஒருதரம் பார்த்தார், இருவரையும் நன்றாக ஏசினார், ரோட்டை அடைக்குமுன் போய்த் தொலையச் சொன்னார்.

வான் உப்புவெளிக்கு வந்தது. இறங்குகிற இடத்தில் கனகசிங்கம் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"கொந்தராத்து ஆக்களுக்கு ஏதும் பிரச்சினை எண்டா அப்பிடித்தான் சொல்லோணும் எண்டு கந்தோரில சொல்லி வைச்சிருக்கினம். எனக்கும் பயம் வந்திட்டுது கதிராமா."

"அதில என்ன அண்ணை. நான் உங்கட ஆள் இல்லைத்தானே," என்றான் கதிராமன்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ கனகசிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படலையடியில் சீதேவி நின்றாள். அவனுடைய கையை, தோளை, முதுகைத் தடவிப் பார்த்தாள். அவன் சட்டைப்பைக்குள் சுருட்டி வைத்திருந்த நைலோன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள்.

அதற்குப் பிறகு வழக்கம் மாறியது. பியூஸ் இனிக் கதிராமனிடம் வரவே கூடாது. கந்தோர் சொன்னது, அபூதாஹிரும் வந்து கெஞ்சாத குறையாகச் சொன்னார், சீதேவி சொல்ல வேண்டியதே இல்லை. அடுத்த தரம் கதிராமன் வெறும் இடுப்போடு மரத்தில் ஏறினான். கம்பி செத்துத்தான் கிடந்தது. ஆனால் அதன் உயிர் இன்னொருவர் கையில், எங்கள் ஆள் இல்லை என்று சொன்ன அதே மனுசனின் கையில். தம்பலகாமத்தில் விழுந்தவனின் முகம் வந்து முன்னால் நின்றது. கத்தியை எடுக்காமல் கீழே பார்த்தான்.

கனகசிங்கம் மரத்தடியில் இல்லை. மரத்தடியில் நின்றால் இலை மறைக்கும் என்று, நடுரோட்டு வெயிலில் போய் நின்றார். மூன்று பியூஸையும் கயிற்றில் கோத்து, சட்டைக்கு வெளியே, கழுத்தில் போட்டிருந்தார். ரோட்டால் போன சனம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் அசையவில்லை.

"அண்ணை, நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன்டா. நீ வெட்டு."

ஒவ்வொரு கொப்புக்கும் கதிராமன் கேட்பான், ஒவ்வொரு கொப்புக்கும் அவர் பதில் சொல்வார். ஆட்களுக்கு அது பெரிய பகிடியாகிவிட்டது. மாதங்கள் போயும் அவன் கேட்பதை விடவில்லை, அவரும் சலிக்கவில்லை.

ஒருநாள் பதில் வரவில்லை. இலை மறைப்பில் ரோடும் தெரியவில்லை. ஓங்கிய கத்தி ஓங்கியபடி நின்றது. கம்பி அவன் தோளுக்குக் கிட்ட இருந்தது. அதைத் தொட்டுவிடாமல் ஒடுங்கி, மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டான். பிறகு கீழே இருமல் கேட்டது. தண்ணி குடிச்சனான், நிக்கிறன் என்று கனகசிங்கத்தின் குரல் வந்தது.

கதிராமன் கொப்பைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினான். ரோட்டுக்குப் போய், அவருடைய கழுத்தில் கிடந்த மூன்று பியூஸையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கனகசிங்கம் அவன் தொட்டு முடியும்வரை நின்றார். பிறகு அவன் திரும்பிப் போய் மரத்தில் ஏறினான்.